போத்தல் நிரம்பியிருக்க, றேடியேற்றரில் மட்டும் தண்ணீர் குறைவது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சாவகச்சேரியிலிருந்து ஹயர் ஓடும் பழைய டீசல் டொல்பின் வான். யாழ்ப்பாண நகருக்குள் ஓடும்போது வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டி, ஏசியும் போட்டு, ஆட்களையும் நிரப்பிக்கொண்டு வேகமாகப் போனால் கிளிநொச்சிக்கு முன்பே முள் ஏறுகிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவை றேடியேற்றருக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது; ஆனால் பக்கத்துப் பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. வீட்டு முற்றத்தில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. கராச்சில் தேர்மோஸ்ரற்றை (எஞ்சின் சூடானதும் றேடியேற்றருக்கான பாதையைத் திறக்கும் வால்வை) கழற்றி எறிந்துவிட்டார்கள், றேடியேற்றர் மூடியை மாற்றினார்கள், இப்போது றேடியேற்றரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்பதே உங்கள் கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். தண்ணீர் எங்கே போகிறது என்பது தெரியாமல் எந்தப் பாகத்தை வாங்கினாலும் அது ஊகத்துக்குக் கொடுக்கும் விலைதான். சூடு ஏறுவதை நோயாகவும் தண்ணீர் குறைவதை அதன் விளைவாகவும் எடுத்துக்கொண்டு உங்கள் மெக்கானிக் வேலை செய்திருக்கிறார். நான் இருபது வருடங்களுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். பத்து வண்டியில் ஏழெட்டு வண்டிக்கு விஷயம் மறுவளமாகத்தான் இருக்கும். தண்ணீர் முதலில் குறைகிறது, குறைந்ததனால் கொதிக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. போத்தல் நிரம்பியிருக்கிறது, றேடியேற்றர் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதன் பொருளை விளங்கிக்கொள்ளச் சிறிய கணக்கு ஒன்று வேண்டும். எஞ்சினுக்குள்ளும் றேடியேற்றருக்குள்ளுமாக 10 லீற்றர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் 30 பாகையில் இருந்த அந்தத் தண்ணீர் 90 பாகைக்குச் சூடாகும்போது நூற்றுக்கு மூன்று பங்கு பெருக்கிறது. அதாவது ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் கூடுகிறது. கூடியதை வைத்திருக்க உள்ளே இடமில்லாததால், மூடியிலுள்ள பெரிய வால்வு அதைச் சிறு குழாய் வழியாகப் போத்தலுக்குத் தள்ளிவிடும். இரவில் எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு திறந்து, அதே 300 மில்லிலீற்றரைப் போத்தலிலிருந்து திரும்ப உறிஞ்ச வேண்டும். போன தண்ணீர் திரும்பி வராவிட்டால், ஒவ்வொரு நாளும் 300 மில்லிலீற்றர் போத்தலுக்குப் போய், போத்தல் நிரம்பிய பிறகு அதன் வாயால் வழிந்து வீதியில் சிந்தும். மூன்று நாளைக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர். நீங்கள் சொன்ன அளவு இதற்கு அப்படியே பொருந்துகிறது. முற்றத்தில் ஈரமில்லாததும் இதனால்தான்: வழிவது ஓட்டத்தில், உங்கள் வான் முற்றத்தில் நிற்கும்போது அல்ல. போத்தலின் அடிப்பக்கத்தையும் அதன் கீழுள்ள தகரத்தையும் ரோர்ச் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த ஒரு கோடு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் போன தண்ணீர் திரும்பி வராததற்குக் காரணம் ஒன்றல்ல. பிரித்தறிய ஒரு காசும் செலவில்லாத சோதனை இருக்கிறது. முதல் நாள் நன்றாக ஓடிவிட்டு வானை நிறுத்துங்கள். மறுநாள் விடிய, ஸ்ரார்ட் செய்வதற்கு முன்பும் மூடியைத் தொடுவதற்கு முன்பும், றேடியேற்றரின் மேல் ஹோஸை விரல்களால் அமுக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஹோஸ் உள்வாங்கி, தட்டையாகக் கிடந்தால், உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கிறது, காற்று நுழைய வழியில்லை, ஆனால் போத்தலிலிருந்து தண்ணீரை இழுக்கவும் முடியவில்லை. மூடியின் சிறு வால்வு ஒட்டிப்போயிருக்கிறது, அல்லது போத்தலுக்குப் போகும் குழாய் சேறும் சுண்ணாம்பும் அடைத்துக் கிடக்கிறது. இது மிக மலிவான நோய்.

ஹோஸ் சாதாரணமாக மென்மையாக இருந்து, மூடியைத் திறந்தால் தண்ணீர் ஒரு விரற்கடைக்கு மேல் கீழே நின்றால், தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது. எங்கோ ஓட்டை இருக்கிறது. தண்ணீர் சொட்டுமளவுக்குப் பெரிதல்ல, காற்று நுழையுமளவுக்குப் போதுமானது.

மூன்றாவது, எனக்குப் பிடிக்காத நிலை. இரவு முழுவதும் ஆறிய பின்பும் ஹோஸ் கல்லுப் போல இருந்து, மூடியை மெதுவாகத் திருப்பியதும் புஸ் என்று காற்று வெளியேறினால், அந்தக் காற்று சிலிண்டருக்குள்ளிருந்து வந்தது. ஆறிய எஞ்சினில் அழுத்தம் நிற்பதற்கு வேறு காரணம் இல்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையில் அடைக்கும் தகடான ஹெட் காஸ்கற் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் வெடிப்பு இருக்கிறது.

உங்களுக்கு இரண்டாவதுதான் நடக்கும் என்பது என் ஊகம்; ஏனென்றால் மூடியை அண்மையில் மாற்றியிருக்கிறீர்கள். அந்த மூடியையே முதலில் சந்தேகியுங்கள். கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கீழே ஸ்பிரிங்கோடு ஒரு றப்பர் வளையம் இருக்கும். அது பெரிய வால்வு. போத்தல் உள்ள வண்டிக்கான மூடியில் இன்னொரு மெல்லிய றப்பர் வளையம், மூடியின் தகட்டை ஒட்டினாற்போல, மேலே இருக்க வேண்டும். அது றேடியேற்றர் கழுத்தின் மேல் விளிம்பை அடைத்து, வெளிக்காற்று நுழையாமல் தடுக்கிறது. போத்தல் இல்லாத பழைய வகைகளுக்கான மூடிகளில் இந்த மேல் வளையம் இராது. கடையில் வாய் அளவு மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். பூட்டிப் பார்த்தால் இறுக்கமாகவே இருக்கும். தண்ணீரும் வெளியே சிந்தாது. ஆனால் இரவில் அந்த விளிம்பால் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும் எண்ணையும் பழைய மூடியோடு ஒப்பிடுங்கள். அது அழுத்த அளவு. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 119 பாகை வரை கொதிக்காமல் நிற்கும்; மூடி பிடிக்காவிட்டால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். எண்ணைக் கூட்டிப் போட்டால் நல்லதென்று சிலர் 1.1 மூடியைப் பழைய றேடியேற்றருக்குப் போடுகிறார்கள்; பிறகு பிளாஸ்ரிக் தொட்டியின் விளிம்பு பிரிகிறது.

மூடி சரியென்றால் போத்தல் குழாய்க்கு வாருங்கள். சிறுவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் குழாயை ஒருவரும் கவனிப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வானுக்கு நானே புது றேடியேற்றர் போட்டுக் கொடுத்து, ஒரு கிழமையில் அது திரும்பி வந்தது; அதே முறைப்பாடு, அதே ஒரு லீற்றர். குழாயின் கிளிப்பைக் கழற்றி, கழுத்தில் செருகியிருந்த முனையை வளைத்தபோது, நகத்தளவு நீளத்தில் ஒரு வெடிப்பு வாய் பிளந்தது. நேராக விட்டதும் மூடிக்கொண்டது. விலை சொல்லவே வெட்கமான ஒரு துண்டு றப்பர். அன்றிலிருந்து நான் அந்தக் குழாயைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறு முனையால் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்க்காமல் வேறெதையும் தொடுவதில்லை. வாயால் ஊத வேண்டாம், றேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் கூலன்ற் நஞ்சு. போத்தல் மூடியிலிருந்து உள்ளே தொங்கும் சிறு குழாய் கழன்று விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்காவிட்டால் போத்தல் நிரம்பியிருந்தும் பயனில்லை.

இவை இரண்டும் சரியாக இருந்தும் காற்று நுழைகிறதென்றால் அழுத்தச் சோதனை வேண்டும். றேடியேற்றர் மூடியின் இடத்தில் பூட்டும் கைப்பம்பு, மீற்றரோடு வரும். கொஞ்சம் பெரிய கராச்சில் இருக்கும். ஆறிய எஞ்சினில் தண்ணீரை நிரப்பி, மூடியில் எழுதிய அளவுக்கு அழுத்தம் ஏற்றி, இருபது நிமிடம் விட்டுவிட வேண்டும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. வோட்டர் பம்பின் கழுத்தடியில் ஒரு சிறு துவாரம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் அதனால் வெளியே வரும். ஓடும்போது சூட்டில் காய்ந்துவிடுவதால் ஈரத்தைக் காணமாட்டீர்கள். துவாரத்துக்குக் கீழே உப்புப் பூத்ததுபோல ஒரு தடம் மட்டும் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வான்களில் பின் ஆசனத்து ஹீற்றருக்கென வண்டியின் அடியால் ஓடும் இரும்புக் குழாய்களையும் பாருங்கள். எங்கள் ஊரில் ஹீற்றரை ஒருவரும் போடுவதில்லை. அதனால் அப்படி ஒரு குழாய் இருப்பதே மறந்துபோகிறது, துருவுக்கு மட்டும் மறப்பதில்லை.

மூன்றாவது நிலைதான் உங்களுக்கு என்றால், காஸ்கற்றைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறிய எஞ்சினில் றேடியேற்றர் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடியைப் போடாமல் ஸ்ரார்ட் செய்து தண்ணீரின் மேற்பரப்பைப் பாருங்கள். முதல் சில நிமிடங்களில் வரும் ஒன்றிரண்டு குமிழிகள் உள்ளே அடைபட்டிருந்த காற்றாக இருக்கலாம். எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது குமிழிகளும் கூடி, நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது புகை. நீலத் திரவம் உள்ள சோதனைக் குழாயை றேடியேற்றர் வாயில் பிடித்து, மேலுள்ள காற்றை அதனூடாக இழுத்தால், கரியமிலவாயு இருக்குமிடத்து நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும்; டீசலுக்குப் பெரும்பாலும் பச்சைதான். டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது புகையில் கரியமிலவாயு குறைவு; ஆகவே சுமையோடு ஓட்டிவந்து, நன்றாக ஆறவிட்டு மூடியைத் திறந்து, மறுபடி ஸ்ரார்ட் செய்த உடனே, உள்ளே தங்கிய வாயு வெளியேறும் போதே பார்ப்பது நல்லது. ஒயில் மூடியின் அடியில் மோர் ஆடைபோல வெளிறிய பசை இருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலக்கிறது. ஆனால் அது இல்லாததை வைத்துக் காஸ்கற் நல்லதென்று தீர்மானிக்க முடியாது. வாயு தண்ணீர்ப் பாதைக்குப் போகும், தண்ணீர் ஒயிலுக்கு வராது என்ற வகைக் கசிவே நான் அதிகம் கண்டது.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் ஒன்றை வலியுறுத்துங்கள். புதிய காஸ்கற்றைப் போட்டு மூடிவிட விட வேண்டாம். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, அழுத்தத்தில் வெடிப்புப் பார்த்து, நேர்விளிம்புச் சட்டமும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜும் வைத்து வளைவை அளக்க வேண்டும். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுமீறிச் சுட்டாலே வளைந்துவிடக்கூடும், 0.2 மில்லிமீற்றர் வளைவே காஸ்கற்றை மறுபடி கொல்லப் போதும்.

இனி தேர்மோஸ்ரற். அதைக் கழற்றி எறிவது எங்கள் பகுதியில் ஒரு வழக்கமாகவே போய்விட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டி, பாகம் கிடைக்காத எதையும் இல்லாமல் சமாளித்த தலைமுறையிடம் வேலை பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பல ஜப்பானிய எஞ்சின்களில் தேர்மோஸ்ரற்றுக்கு இரண்டு வேலை. சூடானதும் றேடியேற்றருக்கான பாதையைத் திறப்பது ஒன்று. அதே நேரத்தில் அதன் அடித்தட்டு, றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குப் பாதையை மூடுவது மற்றொன்று. கழற்றிவிட்டால் குறுக்குப் பாதை எப்போதும் திறந்திருக்கும். சுடுநீரின் ஒரு பங்கு றேடியேற்றரைக் காணாமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். நகருக்குள் மெதுவாக ஓடும்போது இது தெரியாது. ஏ9 இல் சுமையோடு ஓடும்போது முள் ஏறும். உங்கள் முறைப்பாட்டில் ஒரு பாதியை அந்தக் கழற்றலே உண்டாக்கியிருக்கலாம். புதிதொன்றை வாங்கி, பூட்டுவதற்கு முன் சட்டித் தண்ணீரில் போட்டு வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த அளவில் திறக்கத் தொடங்கி, 95 பாகையில் 8 மில்லிமீற்றராவது திறந்திருக்க வேண்டும். சிறு ஊசி ஆடும் துவாரம் மேலே வரும்படி பூட்ட வேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

றேடியேற்றர் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. மூன்று நாளைக்கு ஒரு லீற்றர் என்றால் ஆண்டுக்கு 120 லீற்றருக்கு மேல் புதுத் தண்ணீர் உள்ளே போகிறது. நீங்கள் விடுவது கிணற்றுத் தண்ணீர்தானே? குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். எங்கள் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தவருக்கு மேலே விளக்கம் வேண்டாம். லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று வைத்தால், ஆண்டுக்கு 36 கிராம் அந்த ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் சிலிண்டர்களைச் சுற்றியும் படிகிறது. தீவுப்பகுதிகளின் உவர்க் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்வதால் அரிப்பும் உண்டு. அதாவது தண்ணீர் குறைகிறது, குறைந்ததால் கிணற்று நீர் விடுகிறீர்கள், விட்டதால் சுண்ணாம்பு படிகிறது, படிந்ததால் சூடு ஏறுகிறது. கசிவை அடைக்காமல் புது றேடியேற்றர் போட்டால் அதுவும் இரண்டு மூன்று வருடத்தில் இப்படியே ஆகும்.

அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, நன்றாக ஓடிய எஞ்சினில் துப்பாக்கி வடிவ வெப்பமானியை றேடியேற்றர் முகத்தில் கட்டம் கட்டமாகப் பிடியுங்கள். சுற்றிலும் சூடாயிருக்க, நடுவே ஒரு பகுதி மட்டும் ஆறியிருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. முகம் முழுவதும் சீராக இருந்து, கீழ் ஹோஸ் மேல் ஹோஸைவிட ஐந்து பாகைகூடக் குறையவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை: ஏசியின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் செம்மண்ணும் பூச்சியும் பஞ்சும் அடைத்திருக்கும். அதை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்ரேசனின் முழு வேகத்தில் அடித்தால் செதில்கள் மடங்கிவிடும். நகருக்குள் ஆறியும் வேக ஓட்டத்தில் சூடாகியும் இருப்பதால் விசிறியில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. விசிறி போன வண்டி மெதுவோட்டத்தில்தான் கொதிக்கும்.

மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு, கடையில் விற்கும் ஓட்டை அடைக்கும் திரவம் எதையும் ஊற்ற வேண்டாம். அவை ஓட்டையையும் அடைக்கும், றேடியேற்றரையும் அடைக்கும்.

இதற்கிடையில் ஏ9 இல் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டுங்கள். ஆவி பறக்காவிட்டால் எஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தலாம். ஆவி பறந்தால் உடனே நிறுத்த வேண்டும். மூடியை அப்போது தொடவே கூடாது: 119 பாகையில் அழுத்தத்தில் இருக்கும் 10 லீற்றர் தண்ணீர், திறந்த கணத்தில் சில நூறு லீற்றர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். கொதித்த எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் விடுவதும் கூடாது. ஹெட் வெடிப்பதே அதனால்தான். இன்னொன்று: ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டதென்று சந்தோஷப்பட வேண்டாம். சென்சரைத் தொட்டுக்கொண்டிருக்கத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம்.

கசிவு அகப்பட்டுச் சரிசெய்த பிறகு, பழைய தண்ணீரை முழுவதும் இறக்கி, அயன் நீக்கிய பற்றரித் தண்ணீரும் கூலன்றும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். பற்றரிக் கடையில் கேட்கும்போது அசிட் அல்ல, தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கும். கூலன்ற் பெயருக்குக் கீழே ஏற்கெனவே கலந்தது என்று எழுதியிருந்தால் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். சீற்றுக்குக் கீழே எஞ்சின் உள்ள வான் என்பதால் குழாய்கள் நீளம், காற்று அடைபடும். முன்பக்கத்தை ஏற்றத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, தேர்மோஸ்ரற் திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை ஓடவிட்டு, இறங்கும் அளவுக்கு நிரப்பிக்கொண்டே இருங்கள். பிறகு போத்தலில், விடிய ஆறிய நிலையில் நீர் நிற்குமிடத்தில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். மாலையில் ஓடிவந்ததும் நீர் கோட்டுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், மறுநாள் விடியக் கோட்டுக்கே இறங்கியிருக்க வேண்டும். ஒரு கிழமை அப்படி ஏறி இறங்கி, அதன் பின்னும் கிளிநொச்சிப் பக்கம் முள் ஏறினால், அப்போது றேடியேற்றரைக் கழற்றலாம்.